மாவுக்கு அடியில் பழம்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் காலை, மகள் ஒரு காலிப் பெட்டியோடு வந்து இறங்கினாள். சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி. அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா துணியெல்லாம் எந்த அலமாரியிலப்பா?"

"எதுக்கு?"

"எதுக்கா? என்கூட கூட்டிட்டுப் போறேன். கண்ணு நல்லா ஆகட்டும், நானே கொண்டுவந்து விடறேன்."

அப்பாவுக்கு, அதாவது லைன்மேனுக்கு, 'அப்போ நான்?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. மகளுடைய வீட்டில் அவள் மாமியாரும் இருக்கிறார். அங்கே இன்னொரு கட்டில் போட இடமில்லை என்பது கூடத்தில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் அவர் லைன்மேன்தான். அவர் மனைவி ஆபரேட்டரம்மாதான். டெலிபோன் இலாகாவில் அவர் கம்பம் கம்பமாக ஏறி இறங்கினார், அவள் எக்சேஞ்சில் லைன்களை இணைக்கும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஊரையே பேசவைத்தாள். இப்போது அந்த ஆபரேட்டரம்மா, பலகைத் தடுப்பை ஒட்டிப் போட்ட மர நாற்காலியில் வலது கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இடது கண் ஏற்கெனவே புகைமூட்டம். ஆள் இருப்பது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. குரலை வைத்துத்தான் முகம்.

"நான் எங்கயும் வரல," என்றாள் அவள்.

"அம்மா, அடுப்பு ஆவி கண்ணுல படக் கூடாது, குனியக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கார். யாரு சமைப்பா?"

"அப்பா சமைப்பார்."

மகள் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை லைன்மேன் வாரம் முழுக்க மறக்கவில்லை.

"அப்பாவா? சிலிண்டரை எந்தப் பக்கம் திருகணும்னாவது தெரியுமா அவருக்கு?"

"கம்பம் ஏறின மனுஷன்டி அவர்."

"கம்பத்து மேல உலையா வச்சிருந்தாங்க?"

மகள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவள் கணக்கில் உலகத்து மனிதர்கள் இரண்டே வகை: பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். அப்பா எந்த வகை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனாலும் நியாயஸ்தி. யாரையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லாமல் பெயில் போட்டதில்லை.

"சரி, டெஸ்ட் வச்சுக்கலாம்," என்றாள். "வர ஞாயித்துக்கிழமை காலையில வரேன். அம்மா செய்வாங்களே, பழம் போட்டு பான்கேக், அதைச் செஞ்சு வைங்க. வேற ஒண்ணும் கேக்கல. கல்யாணம் ஆன நாளா உட்கார்ந்து சாப்பிட்டதுதானே? தனியா செய்யணும். அம்மா பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கக் கூடாது. பக்கத்து சீட்டுல இருக்கறவங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சா அது டெஸ்டே இல்ல."

"சுமாரா வந்தா?"

"வாயில வைக்கற மாதிரி இருந்தா பாஸ். பெட்டியைக் காலியாவே எடுத்துட்டுப் போயிடறேன். இல்லன்னா அம்மா என்கூட. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, ரெண்டு பேரும்."

"சரி," என்றார் லைன்மேன். எதற்குச் சரி சொன்னோம் என்பது பஸ் ஏறி அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெட்டி மட்டும் கூடத்தின் நடுவிலேயே நின்றது. ஓரமாகத் தள்ளப் போனார்.

"அங்கயே இருக்கட்டும்," என்றாள் மனைவி. "போகும்போதும் வரும்போதும் இடிக்கட்டும். அப்பத்தான் ரோஷம் வரும்."

ரோஷம் இருக்கட்டும், அவளுக்குப் பயமும் இருந்தது. அன்று மத்தியானம் அவளே எழுந்து, தடுப்புப் பலகையைத் தடவிக்கொண்டு போய், பானையின் மூடியை நகர்த்தி, டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களா? இந்த வீட்டுல எனக்குக் கண்ணே வேண்டாம். எல்லாம் கையிலேயே இருக்கு. அங்க போனா டம்ளர் எங்க இருக்குன்னு கேக்கணும், பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கணும். நாள் பூரா ஊரு பேரு கேட்டு லைன் கொடுத்தவ நான். தண்ணி குடிக்க நான் ஒருத்தரைக் கூப்பிடணுமா?"

இத்தனை காலத்தில் அவள் இப்படிக் குரல் கம்மிப் பேசி அவர் கேட்டதில்லை.

அவர் அவளை முதன்முதலில் தெரிந்துகொண்டதே குரலாகத்தான். அதுவும் திட்டுகிற குரலாக. அந்தக் கதை இந்தப் பான்கேக்கில்தான் தொடங்குகிறது.

அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிட்டு, குரல் சரியாகப் போகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்து, விலகிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை. ஆபரேட்டரம்மா அந்த மரியாதையை ஒரே ஒருமுறைதான் மீறினாள். எங்கோ ஒரு ஊரில் புதிதாகக் குடித்தனம் போன பெண் ஒருத்தி, தன் அம்மாவைக் கூப்பிட்டு, "அந்தப் பழம் போட்ட பான்கேக் எப்படிம்மா செய்வே? இங்க எல்லாருக்கும் செஞ்சு காட்டணும்," என்று கேட்டிருக்கிறாள். அம்மாக்காரி சாவகாசமாகச் சொல்லத் தொடங்கினாள். காசு ஓடுகிறதே என்ற பதற்றமே இல்லாத பெண்பிள்ளை. மாவைச் சலித்துக்கொள், முட்டையைத் தனியாக அடித்துக்கொள், பாலை ஒரேயடியாக ஊற்றாதே, கரைத்ததும் அவசரப்படாதே, மாவு கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். ஆபரேட்டரம்மா விலகாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்ப பழத்தை எடுத்துக்கோ. நல்லா கேட்டுக்கோ, இதுலதான் எல்லாரும் தப்புப் பண்றது. பழத்தை எங்க போடணும்னா..."

லைன் செத்துவிட்டது.

செத்ததற்குக் காரணம், ஊருக்கு வெளியே ஒரு கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்த இளவட்ட லைன்மேன். பழுதான ஜோடிக் கம்பியைக் கழற்ற வேண்டியவர், பக்கத்து ஜோடியைக் கழற்றிவிட்டார். சற்று நேரம் கழித்து, சோதனைப் போனைக் கம்பியில் மாட்டி, "எக்சேஞ்ச், டெஸ்ட்," என்று சொன்னதுதான் தாமதம்.

"யாருங்க நீங்க? கம்பத்துல தூங்கறீங்களா? ஒரு நல்ல டிரங்க் காலைக் கட் பண்ணிட்டீங்களே!"

"அவசரக் காலா? யாருக்காவது உடம்பு..."

"பழத்தை எங்க போடணும்னு சொல்ல வந்தாங்க. அதுக்குள்ள கட் பண்ணிட்டீங்க!"

லைன்மேன் ரிசீவரை ஒருமுறை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என்ன பழம்?" என்று கேட்டார். அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிட்டாள்.

ஆனால் அவருக்கு விஷயம் மண்டையைக் குடைந்தது. மறுநாள் டெஸ்ட் போட்டபோது அவரே கேட்டார்: "பழத்தை எங்க போட்டாங்கன்னு தெரிஞ்சுதா?" இல்லை. அந்த அம்மா திரும்பக் கூப்பிடவே இல்லை. அடுத்த நாளும் கேட்டார். அப்புறம் பழுதே இல்லாத லைனுக்கெல்லாம் டெஸ்ட் போட ஆரம்பித்தார். ஒருநாள் போர்மேன், "என்னடா, அந்தக் கம்பத்துல கூடு கட்டிட்டியா?" என்று கேட்கிற அளவுக்குப் போனது. எக்சேஞ்ச் வாசலில் அவளை நேரில் பார்த்தபோது அவர் கையில் ஒரு பையில் ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்தன. "நான் கெடுத்தது, நானே முடிச்சு வைக்கலாம்னு," என்றார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பாதிக் குறிப்போடு அடுப்பின் முன்னால் நின்றாள். மாவை ஊற்றிப் பழத்தை மேலே வைத்தாள். திருப்பும்போது பழமெல்லாம் பக்கவாட்டில் தெறித்து ஓடியது. பழத்தை மாவிலேயே கலந்தாள். உள்ளே கூழாக நின்றது. மூன்றாவதாக, கடுப்பில், தவாவில் வெண்ணெயைப் போட்டு, சர்க்கரையைத் தூவி, பழத் துண்டுகளை அடுக்கி, அவற்றின் தலைமேல் மாவை ஊற்றி மூடினாள். திருப்பியபோது பழம் தேன் நிறத்தில் சிவந்து, மாவோடு பதித்து வைத்ததுபோல மேலே வந்தது. அந்தத் தாய் சொல்ல வந்தது இதுதானா என்பது இன்றுவரை தெரியாது. இந்த வீட்டில் அதுதான் முறையானது.

அதன்பின் ஞாயிறென்றால் பான்கேக். வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் பிரித்ததைச் சுவரென்று சொல்ல முடியாது. ஒரே அறையை யாரோ பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். மகள் தொட்டிலில் தூங்கிய நாட்களில் குரல் கொடுத்தால் விழித்துக்கொள்வாள் என்று, ஆபரேட்டரம்மா கரண்டிக் காம்பால் பலகையில் மெல்லத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால், தட்டுகளை எடுத்து வை. இரண்டு தட்டு, திருப்பியாயிற்று, வந்துகொண்டே இரு. மூன்று, எடுத்துவிட்டேன், ஓடி வா. குழந்தை வளர்ந்து, பேசவும் கத்தவும் தெரிந்த பிறகும் அந்தத் தட்டு நிற்கவில்லை. மூன்று தட்டு கேட்பதற்குள் உள்ளே என்ன பழம் என்று சொல்ல வேண்டும். மாவு மூடியிருக்கிறதே, மோப்பத்தாலேயே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும். மகள் கூடத்தில் கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, "பேரிக்கா... பேரிக்கா!" என்று கத்துவாள். பெரும்பாலும் பாத்திரம் கழுவியது லைன்மேன்தான். அடுப்பு பற்றவைத்தவர் என்றைக்கும் அவரில்லை.

எக்சேஞ்சில் தானாக இணைக்கும் இயந்திரம் வந்தது. போர்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆபரேட்டரம்மாவைப் புகார் பிரிவில் உட்காரவைத்தார்கள். அங்கேயும் காதுதான். "உங்க போனுக்கு ஒண்ணுமில்லம்மா, அந்தக் கரகரப்பு உங்க மிக்ஸி," என்று நம்பர் வாங்குமுன்பே சொல்லிவிடுவாள். அவள் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், பேசினார்கள். வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, "இனிமே யாரும் எங்கிட்ட லைன் சரியில்லன்னு சொல்ல மாட்டாங்க," என்றாள். அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் பலகையில் மூன்று தட்டு. மகள் அப்போது கல்யாணமாகிப் போயிருந்தாள். தட்டுக்கு ஓடி வர வீட்டில் லைன்மேன் ஒருவர்தான்.

இதெல்லாம் நினைவுக்கு வந்து என்ன பயன்? மாவு கட்டி கட்டியாக நின்றது.

முதல்நாள் பயிற்சியில் அவர் பாலை ஒரேயடியாக ஊற்றினார். மனைவி சமையலறை வாசலில், ஆவி படாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கலக்கற சத்தமே சரியில்லையே. என்ன, கூழாங்கல்லா போட்டிருக்கீங்க?"

"மாவுதான்."

"மாவு அப்படிக் கடகடக்காது."

இரண்டாம் முறை வெண்ணெய்க்கு முன்னால் பழத்தை வைத்தார். பழம் தவாவிலேயே தங்கிவிட்டது, மாவு மட்டும் மொட்டையாகத் திரும்பி வந்தது. மூன்றாம் முறை எல்லாம் சரி, திருப்பும்போது பான்கேக் பாதி தவாவிலும் பாதி அடுப்பிலும் விழுந்தது. சூட்டுக்குப் பயந்து, பழைய வேலைப் பெட்டியிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன கிரீச்சுனு சத்தம்? கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"லைன்ல போடற உறை! ஐயோ, கடவுளே! கரண்டியில கரண்ட் வருமா என்ன?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் கண்ணுக்கு ஆகாதே என்று அவர் பதறினார். பதறியதைக் கேட்டு அவள் இன்னும் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

எல்லாம் படிந்து வந்தாலும் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை: எப்போது திருப்புவது? அவளுக்கு அது காதிலேயே இருந்தது. "கேளுங்க. இப்ப ஈரச் சத்தம். சொத சொதன்னு. இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப பாருங்க, சத்தம் காஞ்சுபோச்சு. திருப்புங்க!" அவள் சொன்னால் சரியாக வந்தது. அவராகக் கேட்டால் எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். கம்பத்தின் மேலே காற்றில் நின்று நின்று, ஓய்வு பெறும்போதே காது பாதி போயிருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்த முறையெல்லாம் ஒன்று வெளுத்தது, இல்லையென்றால் கரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கரிந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து, நீலப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

"உன் துணியை நானே மடிச்சு வச்சுடறேன்," என்றார்.

அவள் மோதிர விரலால் பலகைத் தடுப்பில் தட்டினாள். இரண்டு தட்டு.

"என்ன?"

"வாயால சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னா உங்க பொண்ணு?"

"இது காப்பியடிக்கற மாதிரி இல்லையா?"

"காப்பி இல்ல. சிக்னல். ரெண்டு தட்டு, திருப்புங்க. மூணு, எடுங்க. நாற்காலி இங்கதான் எப்பவும் இருக்கு, அடுப்பு அந்தப் பக்கம். நான் சும்மா விரலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கிழவி, வேற என்ன பண்ணுவா?"

ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். அம்மாவின் கண்கட்டைப் பார்த்தாள், மருந்துச் சீட்டைப் பார்த்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்து விழுங்கவைத்தாள். அப்புறம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். மாவு மூடிய கிண்ணத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாழைப்பழம், ஆப்பிள், பேரிக்காய் மூன்றும் நறுக்கி மூன்று தட்டில்.

"பரவாயில்லையே. பார்க்கிங் வரைக்கும் வந்துட்டீங்க."

"ரொம்பப் பேசாதே. போய் உட்காரு."

"கதவைச் சாத்திக்கோங்க."

கதவைச் சாத்தினார். மகள் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. லைன்மேன் தவாவில் வெண்ணெயைப் போட்டார். சர்க்கரையைத் தூவினார். வாழைத் துண்டுகளை அடுக்கி மாவை ஊற்றினார். நல்ல காதைத் தடுப்புப் பக்கம் திருப்பி நின்றுகொண்டார்.

டொக், டொக். மோதிரம் மரத்தில் படுகிற சன்னமான தட்டு. திருப்பினார். வாழைத் துண்டுகள் பொன்னாக மேலே வந்தன. டொக், டொக், டொக். எடுத்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. அடுத்தது ஆப்பிள். அதுவும் குறையில்லாமல் வந்தது. ஒருகாலத்தில் கம்பத்தின் மேல் காற்றில் ஆடிக்கொண்டு, காதில் அவள் குரலை வைத்துக்கொண்டு வேலை செய்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போதும் அதே வேலைதான்.

பேரிக்காயை அடுக்கினார். மாவை ஊற்றினார். காத்திருந்தார்.

தட்டு வரவில்லை.

தவாவைப் பார்த்தார். மாவில் குமிழிகள் வெடித்து வெடித்துப் பள்ளமாகின. போதுமா? இன்னும் கொஞ்சமா? குனிந்து கேட்டார், ஒரே சத்தம். தடுப்பில் காதை வைத்தார். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவள் மறந்துவிட்டாளா, மகள் கையைப் பிடித்துக்கொண்டாளா? கண்டுபிடித்துவிட்டாள், எல்லாம் போச்சு. ஓரத்தில் லேசாகப் புகை கிளம்பியது. கரண்டியை அடியில் செருகினார். செருகியவர் திருப்பத் துணியாமல் நின்றார்.

டொக். டொக்.

சட்டென்று திருப்பினார். ஓரம் மட்டும் கறுத்திருந்தது, நடுவில் பேரிக்காய் நன்றாகவே சிவந்திருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தட்டில் ஏதோ வித்தியாசம். மோதிரத்தின் சன்னம் இல்லை. மொத்தையாக, விரல் முட்டியால் தட்டியது போல. மூன்று தட்டும் அப்படித்தான் வந்தது. கை மாற்றித் தட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மீதி மாவு முழுவதும் அந்த மொத்தைத் தட்டுக்கே வெந்தது. ஒன்றுகூடக் கரியவில்லை.

பெரிய தட்டில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி வெளியே வந்தார்.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு கையும் மடியில். மாத்திரை வேலை செய்திருக்கிறது. பக்கத்து முக்காலியில் மகள், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை மடக்கியபடி தடுப்புப் பலகைமேல் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

லைன்மேன் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலையே பார்த்தாள். அவள் சும்மா இருந்திருந்தால் போதும். பேரிக்காய் கரிந்திருக்கும், பெட்டி நிறைந்திருக்கும்.

தட்டை முக்காலிக்கு முன்னால் வைத்தார். மகள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பேரிக்கா ஓரத்துல கருகியிருக்கு," என்றாள்.

"அதுக்கு மட்டும் சிக்னல் லேட்டாச்சு."

"லைன்ல ஆள் மாறினாங்க. அதான்."

"உனக்கு எப்படித் தெரியும், எப்ப திருப்பறதுன்னு?"

"மூக்கு எதுக்கு இருக்கு? பாத்திரம் கழுவாம தப்பிக்கறதுக்காக சின்ன வயசு முழுக்க இங்கதானே மோப்பம் பிடிச்சேன். சர்க்கரை சிவக்கற வாசனை வந்ததும் அம்மா தட்டுவாங்க. எனக்கு அது மறக்குமா?" ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றுகொண்டே சொன்னாள்: "இந்தத் தட்டைக் கேட்டு எவ்ளோ வருஷமாச்சு, அப்பா."

லைன்மேன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சூடு என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாஸா, பெயிலா?"

"கிரேஸ் மார்க் போட்டு பாஸ். ஆனா ஒண்ணு, வாரா வாரம் வந்து பாப்பேன்."

பேச்சுச் சத்தத்தில் மனைவி தலையை நிமிர்த்தினாள். "என்ன, ஆயிடுச்சா? நான் எங்க விட்டேன்?"

"நீ விட்டதே இல்ல," என்றார் லைன்மேன்.

அவள் கையை நீட்டினாள். மகள் ஒரு பான்கேக்கை அவள் உள்ளங்கையில் வைத்தாள். விரல் நுனியால் மேலே தடவினாள். "பேரிக்கா," என்றாள். ஓரத்தைத் தடவிய விரல் கருகிய இடத்தில் நின்றது. பிட்டுச் சாப்பிட்டாள். "பழம் அடியிலதானே போட்டீங்க?"

"வேற எங்க போடறதாம்?"

மூன்று பேரும் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்கள். பாத்திரம் லைன்மேன்தான் கழுவினார். மகள், டிரைவிங் ஸ்கூலில் கியரையும் கதவையும் மாற்றி இழுத்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லி அம்மாவைச் சிரிக்கவைத்தாள். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து, நீலப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள்.

"வரேம்மா. அப்பாவை ரொம்பத் திட்டாதே. கத்துக்குட்டி."

"பாத்துப் போ, கண்ணு."

அவள் படியிறங்கினாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு போனது. லைன்மேன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். பாத்திரம் கழுவியபோதிலிருந்தே ஒரு சந்தேகம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். காலையில நீ நிஜமாவே தூங்கிட்டியா?"

"உஸ்," என்றாள் மனைவி. "சும்மா இருங்க. கேக்க விடுங்க."

தெருவின் கல் தளத்தில் சக்கரங்கள் உருளுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அவள் தலையைச் சற்றே சாய்த்து, ஹெட்போன் மாட்டிக்கொண்ட நாட்களில் உட்கார்ந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். சத்தம் தெருமுனை திரும்பியது. கடகடவென்று, கனமில்லாமல், துள்ளித் துள்ளிப் போனது.

"காலியாத்தான் போகுது," என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.